பாலாறு, தோல் கழிவு: லிட்ரேச்சர் ரிவ்யூவைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க

காட்பாடி_மாணவி:
எம்.எஸ்சி. அசைன்மென்ட், 2000 சொல்லில் லிட்ரேச்சர் ரிவ்யூ (முன்னே வந்த ஆய்வுகளை ஒப்பிட்டு எழுதுறது). தலைப்பு பாலாற்றுப் படுகையில் தோல் கழிவும் நிலத்தடி நீரும். 14 கட்டுரை படிச்சு, கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதினேன். "இது சுருக்கம், ரிவ்யூ இல்லை"ன்னு குறிப்பு வந்திருக்கு. 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய ஆய்வும் அதிகம் சிக்கலை. எங்கே திருத்தணும்?

பாலாற்றங்கரை:
பத்திகள் ஆசிரியர் பெயரில் தொடங்குதா பாருங்கம்மா. கோளாறு அங்கேதான். எக்ஸெல்லில் கட்டுரைக்கு ஒரு வரிசை போடுங்க: ஆண்டு, ஊர், எத்தனை கிணறு, எந்த மாதம், எதை அளந்தாங்க, முடிவு, குறை. பிறகு ஒவ்வொரு நெடுவரிசையையும் மேலிருந்து கீழே படிங்க. "எந்த மாதம்" என்ற ஒரு நெடுவரிசையே உங்களுக்கு ஒரு முழுப் பகுதி தரும். மே மாத மாதிரியையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதிரியையும் ஒப்பிட்டு "உப்பு குறைஞ்சிருக்கு"ன்னு எழுதினா தப்பு. மழைநீர் கலந்தும் குறைஞ்சிருக்கலாம்.

குரோமியத்திலும் கவனம். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றிணைதிற குரோமியம் (Cr III), நச்சு அதிகம் அதன் இன்னொரு வடிவமான ஆறிணைதிறத்துக்கு (Cr VI). ஒருவர் மொத்தக் குரோமியம் அளந்திருப்பார், இன்னொருவர் ஆறிணைதிறம் மட்டும். ரெண்டு எண்ணையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 (2012) சொல்லும் 0.05 மி.கி./லிட்டர் வரம்பு மொத்தக் குரோமியத்துக்கு.

கோட்டை_நூலகம்:
பழசு சிக்காததுக்குக் காரணம் மாவட்டப் பேர். 1989 வரை வேலூர்ப் பகுதி வட ஆற்காடு மாவட்டம். அந்த வருஷம் திருவண்ணாமலை பிரிஞ்சது, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம்தான் வேலூர். 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி. ஆம்பூர், வாணியம்பாடி இப்போ திருப்பத்தூரில். அதனால கூகுள் ஸ்காலர், ஷோத்கங்கா (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பு) ரெண்டிலும் எல்லாப் பேரையும் ஊர்ப் பேரோடு சேர்த்துத் தேடுங்க. "வேலூர் மாவட்டம்" என்ற புள்ளிவிவரத்தை 2019க்கு முன்னும் பின்னும் அப்படியே ஒப்பிடாதீங்க, எல்லையே வேற.

தோல் தொழிற்சாலை மாசு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆய்வு இல்லை. பின்னணியில் ரெண்டு வரி போதும்.

காட்பாடி_மாணவி:
நன்றிங்க. ஆய்வு இடைவெளியை, அதாவது இதுவரை ஆராயாம விட்டதை, எப்படி எழுதறது?

பாலாற்றங்கரை:
"மேலும் ஆய்வு தேவை"ன்னு மட்டும் எழுதாதீங்க. அட்டவணையில் காலியா இருக்கிற கட்டத்தைச் சொல்லுங்க. உதாரணமா: "படித்த 14இல் ஒரே கிணற்றில் கோடையிலும் மழைக்குப் பிறகும் மாதிரி எடுத்தவை இத்தனை." அந்த எண்ணை நீங்களே எண்ணிப் போடணும். 2000 சொல்லில் இதுக்கு 300 ஒதுக்குங்க, முன்னுரைக்கு 200 தாண்ட வேண்டாம்.