இங்கிலாந்தில் பிரைமரி டீச்சர் ஆவது: டிபென்டன்ட் விசாவில் வந்தவர்களுக்கு

கேள்வி: சென்னையில் ஆறு வருடம் டெஸ்டிங் வேலை பார்த்தேன், பி.இ. படிப்பு. கணவருக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா. நான் டிபென்டன்ட்டாக லெஸ்டருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மகள் ரிசப்ஷனில் (ஐந்து வயதுக்குள் சேரும் முதல் வகுப்பு) படிக்கிறாள். நான் இங்கே பிரைமரி ஸ்கூல் டீச்சர் ஆக முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் அவசரப்பட்டு இந்த வருடமே படிப்பில் சேர்ந்துவிடாதீர்கள். நானும் பேங்க் வேலையை விட்டுவிட்டு டிபென்டன்ட்டாக வந்தவள்தான். சொந்தமாக ஒரு வகுப்பு, இயர் 2 (ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள்), கைக்கு வர ஏழு வருடம் ஆனது.

முதலில் ஃபீஸ். அரசுப் பள்ளியில் டீச்சராக கியூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதி வேண்டும். டிகிரி முடித்தவர்கள் பெரும்பாலும் பிஜிசிஇ என்ற ஒரு வருட ஆசிரியர் பயிற்சி படித்து அதை வாங்குகிறார்கள். டிபென்டன்ட் விசாவில் படிக்கத் தடையில்லை, ஆனால் யுனிவர்சிட்டி உங்களை வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் சேர்க்கும். உள்ளூர்க்காரர்களுக்கு 2025-26இல் அதிகபட்சம் 9,535 பவுண்டு. நமக்கு அதைவிட மிக அதிகம், ஸ்டூடன்ட் லோனும் கிடையாது. ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கையில் இருந்து, மூன்று வருடம் இங்கே வசித்தும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். பிசிக்ஸ், மேத்ஸ் என்று செகண்டரிக்குப் போகிறவர்களுக்கு அரசு பர்சரி (உதவித்தொகை) தருகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரைமரிக்கு அது இல்லை.

காத்திருக்கும் காலத்தில் சர்டிபிகேட்டுகளைச் சரிசெய்யுங்கள். டிகிரிக்கு, வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் யூகே எனிக்கில் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். பிரைமரிக்கு இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ் மூன்றிலும் ஜிசிஎஸ்இ (இங்கே பதினாறு வயதில் எழுதும் பரீட்சை) கிரேடு 4க்கு இணையான தகுதி கேட்பார்கள். பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட் ஊரில் பீரோவுக்குள் கிடந்தால் இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். நான் சேர்ந்த இடத்தில் இங்கிலீஷுக்கு மட்டும் தனியாகப் பரீட்சை எழுத வைத்தார்கள். பத்து வருடம் இங்கிலீஷில் மெயில் எழுதிக் குவித்தவளுக்கு அது கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. சரி, எழுதிவிட்டேன்.

அப்புறம், எப்படியாவது ஒரு வகுப்பறைக்குள் போய்விடுங்கள். டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை, அது கிடைக்காவிட்டால் மதியச் சாப்பாட்டு நேர மேற்பார்வை, அதுவும் இல்லையென்றால் மகளின் பள்ளியிலேயே வாரம் ஒரு நாள் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கும் வாலண்டியர். டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. இந்தியாவில் இருந்த வருடங்களுக்குப் போலீஸ் சான்றிதழும் கேட்கலாம். டீச்சிங் அசிஸ்டன்ட் விளம்பரத்தில் போட்டிருக்கும் வருடச் சம்பளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் பள்ளி நடக்கும் வாரங்களுக்குத்தான் கணக்கிட்டுத் தருவார்கள். கைக்கு வருவது குறைவாகவே இருக்கும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஃபானிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கக் கற்றுத்தரும் முறை. நமக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் இங்கே ஐந்து வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லித்தரும் விதம் தெரியாது. எழுத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ஒலியைத்தான் சொல்வார்கள், அதையும் உயிரொலி ஒட்டாமல். 'இக், இங், இச்' என்று மெய்யெழுத்துக்கு முன்னால் ஓர் இகரத்தை வைத்தே படித்த வாய் நம்முடையது. முதல் வாரம் 'கேட்' (cat, பூனை) என்ற சொல்லை நான் 'கு-ஆ-டு' என்று பிரித்துச் சொல்ல, ஒரு பையன் கவனமாகச் சேர்த்து 'குவாடு' என்றான். தப்பு அவனுடையது இல்லை. இயர் 1 முடிவில், ஜூன் மாதம், ஒவ்வொரு குழந்தையும் 40 சொற்களை வாசித்துக் காட்ட வேண்டும். அதில் 20 அர்த்தமே இல்லாதவை. மனப்பாடம் செய்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கணக்கிலும் இப்படித்தான். கழித்தலில் 'கடன் வாங்கு' என்று சொல்லக் கூடாது. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக மாற்றுவதைக் கட்டைகளை வைத்துக் காட்ட வேண்டும். ஆனால் இயர் 4இல் வாய்ப்பாட்டுச் சோதனை ஒன்று இருக்கிறது: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறே விநாடி, 12ஆம் வாய்ப்பாடு வரை. பதினாறாம் வாய்ப்பாடு வரை அடி வாங்கிப் படித்த நமக்கு அது லட்டு.

பிஜிசிஇ வருடத்தில் பாதிக்கு மேல், குறைந்தது 120 நாள், பள்ளிகளில்தான் கழியும். முடித்ததும் லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 32,916 பவுண்டு. முதல் இரண்டு வருடம் புதிய டீச்சர் என்ற மேற்பார்வையில் இருப்பீர்கள். 'பிள்ளை வீட்டில் இருக்கும்போது நமக்கும் லீவு' என்ற எண்ணத்தில் மட்டும் வருகிறீர்கள் என்றால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டெர்ம் நடுவில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. பொங்கல், தை மாதக் கல்யாணம் எல்லாம் வீடியோ காலில்தான். கோடையில் ஆறு வாரம் ஊருக்குப் போகலாம், ஆனால் அதில் பாதி ஆடி மாசம், ஒரு முகூர்த்தம்கூட இருக்காது.

கேள்வி: நன்றி அக்கா. என் தங்கை ஊரில் பி.எட். முடித்திருக்கிறாள். அவளும் பிஜிசிஇ படிக்க வேண்டுமா?

பதில்: அவளுடைய பாடத்தைப் பொறுத்தது. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் நேரடியாக கியூடிஎஸ்க்கு விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஆனால் அது 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு மேத்ஸ், சயின்ஸ், மொழிப்பாடம் எடுப்பவர்களுக்கான வழி. பி.எஸ்சி. மேத்ஸோடு பி.எட். என்றால் செகண்டரிக்கு முயன்று பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன் அரசு இணையதளத்தில் அன்றைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.