அடுத்த ஜூனில் ஐல் ஆஃப் மேன் டிடி: கிளப்பாகப் போகலாமா, வேண்டாமா?

ஒற்றைசிலிண்டர்:
சனிக்கிழமை காபி நிறுத்தத்தில் பேசியதை, வராதவர்களுக்காக இங்கே போடுகிறேன். அடுத்த ஜூனில் ஐல் ஆஃப் மேன் தீவின் பொதுச் சாலைகளில் நடக்கும் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பைக் பந்தயம் பார்க்க கிளப்பாகக் கிளம்பலாம் என்பது யோசனை. 12 பைக், ஐந்து இரவு, டென்ட். லண்டனிலிருந்து ஹேஷம் துறைமுகம் 250 மைலுக்கு மேல். அங்கிருந்து தீவின் தலைநகர் டக்ளஸுக்குக் கப்பலில் மூன்றே முக்கால் மணி நேரம். பந்தய வாரத்துக் கப்பலுக்குக் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது, அதனால் இந்த மாதமே முடிவு சொல்லுங்கள். டென்ட் போடும் இடம் புல்தரை. மழை பெய்தால் சைடு ஸ்டாண்ட் மண்ணில் இறங்கி பைக் சாய்ந்துவிடும், ஆளுக்கொரு தகடு எடுத்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பந்தயம் நடக்கும் அதே மலைப் பாதையில் ஓட்டலாம். சின்ன வயதில் ஒரு பத்திரிகையில், அந்தப் பாதையில் இருக்கும் பாலா பாலத்தின் மேல் ஒரு பைக்கின் இரண்டு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும் படம் பார்த்ததிலிருந்து எனக்கு இந்த ஆசை. மூன்று வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இரவுப்பணி:
அண்ணா, உங்கள் ஆசையைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கிளப் பெயரில் இந்தப் பயணம் வேண்டாம். நான் விபத்துப் பிரிவில் நர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். 1911 முதல் அந்த மலைப் பாதையில் 260 பேருக்கு மேல் போட்டியாளர்களே இறந்திருக்கிறார்கள். 2022இல் ஒரே டிடியில் ஆறு பேர். வேறு எந்த விளையாட்டாவது இப்படி ஆள் இழந்தால் கொடி கட்டிக்கொண்டு பார்க்கப் போவோமா? இந்த எதிர்ப்பு எனக்கு மட்டும் தோன்றியதும் இல்லை. அங்கே பத்து முறை வென்ற இத்தாலிய ஓட்டுநர் அகோஸ்டினி, 1972இல் தன் நண்பர் பார்லோட்டி மழையில் விழுந்து இறந்தபின் அந்தத் தீவில் மறுபடி பந்தயம் ஓட்டவில்லை. மற்ற பெரிய ஓட்டுநர்களும் விலகினார்கள். 1976க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்தே டிடி போய்விட்டது. ஓட்டத் தெரிந்தவர்களே வேண்டாம் என்று சொன்ன இடம் அது.

ஒற்றைசிலிண்டர்:
அகோஸ்டினி விஷயத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்தக் காலத்தில் உலகப் பட்டம் வேண்டுமென்றால், பயம் இருந்தாலும் அங்கே போய் ஓட்டியாக வேண்டும். புள்ளிகள் அங்கே இருந்தன. அந்தக் கட்டாயத்தைத்தான் அவர் எதிர்த்தார், அதில் ஜெயித்தும்விட்டார். 1977இலிருந்து அந்த உலகப் பட்டத்துக்காக அங்கே யாரும் போக வேண்டியதில்லை. இன்று வருகிறவர்கள் தெரிந்தே, விரும்பியே வருகிறார்கள். டிடி ஓட்டுநர் மைக்கேல் டன்லப்பைப் பாருங்கள். பெரியப்பா ஜோயி, அப்பா ராபர்ட், அண்ணன் வில்லியம் மூவருமே சாலைப் பந்தயத்தில் இறந்தவர்கள். அந்த மனிதர் 2024இல் பெரியப்பாவின் 26 வெற்றி சாதனையைத் தாண்டினார். அவருக்கு ஆபத்து தெரியாது என்று நாம் சொல்ல முடியுமா?

இரவுப்பணி:
தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தில் மூன்று பேர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதைப் பெருமைக்கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை. விரும்பி வருகிறார்கள், சரி. ஆனால் பார்க்க ஆள் வருவதால்தானே ஸ்பான்சர் வருகிறார், பந்தயம் நடக்கிறது? அதில் நமக்கும் பங்கு உண்டு.

ஈஸ்ட்ஹாம்_ரைடர்:
நடுவில் ஒன்று சொல்கிறேன். டிடிக்குப் பதில் ஜூலையில் அதே தீவில் நடக்கும் சதர்ன் 100 சாலைப் பந்தயத்துக்குப் போகலாமே. 1955 முதல் நடக்கிறது. காசில்டவுன் பக்கம் பில்லவுன் பாதை, சுற்று நாலேகால் மைல்தான். எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள், முந்துவது கண்ணெதிரே நடக்கும். டிடியில் பத்து விநாடிக்கு ஒருவராக விடுவார்கள். யார் முன்னால் என்று ரேடியோ சொன்னால்தான் தெரியும். ஒரு சுற்று 37.73 மைல். சாதனைச் சுற்றே, 2023இல் பீட்டர் ஹிக்மன் சராசரி மணிக்கு 136 மைலில் ஓட்டியது, பதினாறரை நிமிடத்துக்கு மேல். அடுத்த முறை அவரைப் பார்க்க அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். ஜூலையில் கூட்டமும் குறைவு.

இரவுப்பணி:
பில்லவுனிலும் கல் சுவர்தான் தம்பி.

மலைப்பாதை:
நான் இரண்டு முறை போனவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதல் முறை, டக்ளஸில் பந்தயப் பாதை இறங்கும் பிரே ஹில் அடிவாரத்தில், ஒரு வீட்டு முன்சுவருக்குப் பின்னால் நின்றேன். காலையில் பால் வண்டி போன அதே தெரு. விளக்குக் கம்பம், தபால் பெட்டி, ஜன்னலில் திரைச்சீலை எல்லாம் அப்படியே இருக்கிறது. மேலே இரைச்சல் கேட்டது. தலையைத் திருப்பும் முன் வண்டி அடிவாரத்துக்கு வந்துவிட்டது. பள்ளத்தில் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கி, வண்டியின் அடிவயிறு தாரில் உரசி ஒரு கீறல் சத்தம். அப்புறம் காற்று நெஞ்சில் மோதியது. சட்டை பின்னால் இழுபட்டது. என் கை சுவரைப் பிடித்திருந்தது, எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. டிவியில் இருபது வருடம் பார்த்தும் எனக்கு இது தெரியாது. அதற்காகத்தான் ஜனம் அங்கே போகிறது, சாவைப் பார்க்க இல்லை. ஒற்றைசிலிண்டர் சொல்வதில் அந்தப் பாதி சரி.

மறு பாதி இரவுப்பணி அக்கா சொல்வது. அதே நாள் பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி விழுந்தது. ரேடியோ வர்ணனையாளர் இடத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார். சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். ஹெலிகாப்டர் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அன்று அந்த ஓட்டுநர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த இருபது நிமிடம் நான் வெறுங்கையோடு வேடிக்கை பார்த்தவன், அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் இரண்டாம் முறை, பாதையோரம் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷலாகப் பதிவு செய்தேன். சம்பளம் கிடையாது. 16 வயது நிரம்பிய யாரும் சேரலாம், வெளியூர்க்காரர்களும். ஒரு பந்தயத்துக்கே நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். போதிய மார்ஷல்கள் இடத்தில் நிற்காமல் பந்தயம் தொடங்காது. ஆள் பற்றாமல் தாமதமானதும் உண்டு. எனக்குக் கிரெக்-நி-பா வளைவுப் பக்கம் இடம். கொடியைப் பார், ரேடியோவைக் கேள், யாராவது விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை மனதில் ஓட்டிக்கொண்டே இரு, அவ்வளவுதான் வேலை. நம் கிளப்பிலிருந்து ஆறு பேர் ஒரு நாளாவது இதைச் செய்தால், அக்கா சொன்ன அந்தப் பங்குக்கு ஒரு பதிலாக இருக்கும்.

ஒற்றைசிலிண்டர்:
மரியாதையோடு சொல்கிறேன், நான் பார்க்க வருகிறேன். மூன்று வருடம் சேர்த்த பணத்தில் ஒரு நாள்கூட வேலைக்கு நிற்க மனமில்லை. விருப்பமுள்ளவர்கள் பதிவு செய்யட்டும், அதைப் பயணத்துக்கு நிபந்தனையாக வைக்காதீர்கள்.

மலைப்பாதை:
நிபந்தனை இல்லை. ஆனால் பார்க்க வந்தாலும் நிற்கும் இடத்தை மார்ஷல் சொல்கிறபடி தேர்ந்தெடுங்கள். 2007 நூற்றாண்டு விழா டிடியில் ஒரு ஓட்டுநரோடு பார்வையாளர்கள் இருவரும் இறந்தார்கள். தடுத்த பகுதி என்று பலகை இருந்தால், படம் நன்றாக வரும் என்று உள்ளே போகாதீர்கள். சாலை மூடிய பிறகு குறுக்கே போகவும் முடியாது, சாப்பாடும் தண்ணீரும் முன்னாலேயே எடுத்து வையுங்கள்.

இரவுப்பணி:
மார்ஷல் யோசனை என்னை யோசிக்க வைக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் என் பெரிய பயம் பந்தயமே இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைதான். தீவில் ஊர்களுக்கு வெளியே பொதுவான வேக வரம்பு கிடையாது. ராம்சே ஊரிலிருந்து மலை வழியாக வருவது அந்த நாட்களில் ஒருவழிப் பாதை. முன்னால் போகிறவர் வேகத்தைக் கூட்டினால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். போன வருடம் வேல்ஸில் என்ன நடந்தது? கடைசியில் வந்த தம்பி, பிடிக்க வேண்டும் என்று வளைவில் அகலமாகப் போய் வேலியில் விழுந்தான். தோள் எலும்பு முறிவோடு போனது. மலையில் அந்த வேலி இருக்காது. சரிவுதான் இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்_ரைடர்:
அந்தத் தம்பி நான்தான். அக்கா சொல்வது உண்மை, யாரும் என்னைத் துரத்தவில்லை, நானே துரத்தினேன். நான் ஞாயிற்றுக்கிழமை மலையில் ஓட்டவில்லை. விடியற்காலையில் போக்குவரத்து குறைவாக இருக்கும்போது, வார நாளில், இருவர் இருவராகப் போகலாம். மலையில் ‘பங்களா’ என்ற இடத்தில் நிறுத்தி ஜோயி டன்லப் சிலையைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒற்றைசிலிண்டர்:
சரி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டு ஓட்டத்தை எடுத்துவிடுகிறேன். அது என் தவறு, வேல்ஸை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் சதர்ன் 100க்கு மாற்ற மாட்டேன், எனக்குப் பாலா பாலம் வேண்டும். கப்பலில் 12 இடம் கேட்கப் போகிறேன். அக்கா, உங்கள் பெயரைப் போடவா?

இரவுப்பணி:
இப்போது போடாதீர்கள். மார்ஷல் பயிற்சி எப்போது, என் லீவு கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன். வந்தால் கொடியோடுதான் நிற்பேன். கிளப் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சுவரில் உட்கார மாட்டேன்.

மலைப்பாதை:
விவரம் தனியாக அனுப்புகிறேன் அக்கா. பூட்ஸ் நல்லதாக வாங்குங்கள், மலையில் ஜூனிலும் குளிரும். 2025இல் காற்று தாங்காமல் டிடியின் முக்கியப் பந்தயமான சீனியரையே ரத்து செய்தார்கள்.