கடவுளா, கடவுளுக்குப் படைப்பவரா? பழைய ஜப்பானிய மன்னர்கள்

செங்கதிர்:
ஜப்பானில் மன்னர் ஆதி முதலே கடவுள்தான். சூரிய தேவி அமதெராசு, அவள் பேரன் நினிகி, அந்த வழியில் முதல் மன்னர் ஜிம்மு. 712இல் கோஜிகி, 720இல் நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூல்கள் சொல்வது இதைத்தானே?

மூங்கில்புதர்:
இரண்டுமே அரண்மனை உத்தரவில் தொகுத்தவை. அதற்கு முந்தியதைப் பாருங்கள். ஜப்பானின் சைதாமா பகுதியில் இனாரியாமா புதைமேட்டில் கிடைத்த வாளை 1978இல் எக்ஸ்ரே எடுத்தார்கள். துருவுக்கடியில் தங்கம் பதித்த 115 எழுத்துகள்! ஆண்டு 471 (அறுபதாண்டுச் சுழற்சிக் கணக்கு என்பதால் 531 என்பாரும் உண்டு). அக்கால மன்னர் வகதகெருவுக்கு அதில் உள்ள பட்டம் 'மாமன்னர்'. 'கடவுள்' என்ற எழுத்தே கிடையாது.

செங்கதிர்:
வாளுக்கு உரியவன் தன் எட்டுத் தலைமுறையைப் பொறித்த வாள் அது. அதில் மன்னர் புராணத்தைத் தேடலாமா? 600இல் சீனாவின் சுய் வம்ச அவைக்குப் போன ஜப்பானியத் தூதர் சொன்னதைப் பாருங்கள்: எங்கள் மன்னருக்கு வானம் அண்ணன், சூரியன் தம்பி, விடியுமுன் அரசு அலுவல் பார்ப்பார், சூரியன் எழுந்ததும் தம்பியிடம் விட்டுவிடுவார். சுய் பேரரசர் வென் இதில் நியாயமே இல்லை என்று மாற்றச் சொன்னார்.

மூங்கில்புதர்:
அது உங்களுக்கே எதிர்ச்சாட்சி. சூரியன் தம்பி என்றால் சூரியனின் வம்சம் எப்படி ஆவது? அந்தக் கதை அப்போது இன்னும் உறையவில்லை. 592இல் பெரிய அமைச்சர் சோகா நோ உமாகோ ஆள் வைத்து மன்னர் சுஷுனைக் கொன்றார். 626இல் சாகும்வரை உமாகோவை யாரும் அசைக்கவில்லை. 672இல் அரியணைக்கான போரில் டென்மு வென்று மன்னரான பிறகுதான் 'மாமன்னர் கடவுள் ஆதலால்' என்ற பாட்டு வருகிறது. குதிரை வயிறளவு புதையும் வயலைத் தலைநகர் ஆக்கினாராம். 697இல் மன்னர் மொன்முவின் பட்டமேற்பு ஆணையில் 'அகித்சுமிகாமி', அதாவது கண்முன் நிற்கும் கடவுள்.

நாரை:
ஆணையில் கடவுள், சடங்கில் பூசாரி. 6ஆம், 12ஆம் மாதங்களில் ஆமையோட்டைச் சுட்டு, விரிசலைப் பார்த்து, எந்தத் தெய்வத்தின் சாபம் மன்னர் உடம்பைத் தாக்கும் என்று குறி கேட்டார்கள். பட்டமேற்ற பின் மன்னர் தைஜோசாய் என்ற சடங்கில் புத்தரிசியைத் தெய்வங்களுக்குத் தன் கையாலேயே படைத்துத் தானும் உண்பார். கடவுளுக்கு இந்தப் பயம் ஏன்?

செங்கதிர்:
படைப்பவர் கடவுள் அல்ல என்றால் அமதெராசுவும் அல்ல. அவள் புத்தரிசி விழா நடத்தும் கூடத்தைத்தானே அவள் தம்பி சுசானோ மலம் கழித்துக் கெடுத்தான்? ஜப்பானியர் தெய்வத்தைச் சொல்லும் 'கமி' என்ற சொல்லைச் சர்வவல்ல இறைவன் என்று படிப்பதால் வரும் குழப்பம் இது. கமிக்குள்ளும் மேல் கீழ் உண்டு.

மூங்கில்புதர்:
அதை ஏற்கிறேன். ஆனால் 749ஐப் பாருங்கள். தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் சிலை முன் மன்னர் ஷோமு தன்னை 'மும்மணிகளின் (புத்தர், தர்மம், சங்கம்) அடிமை' என்று வாசிக்கச் செய்தார். அதே நாளில், அதே இடத்தில், அதிகாரிகளுக்கு வாசித்த அடுத்த ஆணை 'கண்முன் நிற்கும் கடவுள்' என்றே தொடங்குகிறது.