கதவுக்கு மேலே நின்ற சத்தம்

குழு: நம்ம வீடு

சனிக்கிழமை

இரவு 8:05 | அக்கா
நேற்று இரவிலிருந்து மாடி அறையில் ஃபேன் இல்லை, லைட் இல்லை, பிளக் பாயிண்டும் வேலை செய்யவில்லை. கீழே எல்லாம் எரிகிறது. ஃப்யூஸ்போல விழும் எம்சிபி ஸ்விட்சும் விழவில்லை. இன்று எலக்ட்ரீஷியன் வந்தார். உள்ளே வயர் அறுந்திருக்கிறது, பைப்புக்குள் வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டால் பாதியில் முட்டி நிற்கிறது, சுவரை வெட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார். பெயிண்ட் அடித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

இரவு 8:07 | அம்மா
இந்த வெயிலில் பிள்ளைகள் எங்கே படுத்தார்கள்?

இரவு 8:08 | அக்கா
கீழே ஹாலில்தான் அம்மா. எல்லாரும் ஒரே ஃபேனுக்குக் கீழே.

இரவு 8:10 | மாமா (அக்காவின் கணவர்)
வியாழக்கிழமை கார்பெண்டர் அந்த அறையில் அலமாரி மாட்ட நான்கு ஓட்டை போட்டார். டிரில் வயரில் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். போன் செய்து கொஞ்சம் கடிந்தும் பேசிவிட்டேன்.

இரவு 8:16 | தஞ்சாவூர் சித்தப்பா
மாப்பிள்ளை, அவசரப்பட்டு யாரையும் சொல்ல வேண்டாம். சுவரையும் தொட வேண்டாம். ஒரு சின்ன சோதனை செய்து சொல்லுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். அந்த அறையில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பிளக் பாயிண்டின் ஸ்விட்சை மட்டும் போட்டு, இரண்டு துளையிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஃபேன் ஸ்விட்சையும் போட்டுவிட்டு அதே இரண்டு துளையையும் பாருங்கள்.

இரவு 8:27 | மாமா
பார்த்தேன் மாமா. முதலில் வலது துளையில் மட்டும் எரிந்தது. ஃபேன் ஸ்விட்ச் போட்டதும் இரண்டு துளையிலும் எரிகிறது! ஃபேன் சுற்றவில்லை. இது எப்படி?

இரவு 8:33 | தஞ்சாவூர் சித்தப்பா
அப்படியென்றால் கரண்ட் கொண்டுவரும் பேஸ், அதாவது சிவப்பு வயர், நன்றாக இருக்கிறது. அது திரும்பிப் போகும் நியூட்ரல், அதாவது கறுப்பு வயர்தான் போய்விட்டது. பேஸ் ஃபேன் வழியாகப் போய் நியூட்ரல் வயருக்குள் வந்து நிற்கிறது. திரும்பிப் போக வழி இல்லாததால் ஃபேன் சுற்றவில்லை. டெஸ்டருக்கு மிகக் குறைந்த கரண்ட் போதும், அதனால் அது எரிகிறது.

இரவு 8:35 | தஞ்சாவூர் சித்தப்பா
இது மோசமான நிலை. ஃபேன் சுற்றவில்லை, கரண்ட் இல்லை என்று நினைத்துக் கறுப்பு வயரைத் தொட்டால் அடிக்கும். அந்த அறையின் எம்சிபியை இப்போதே இறக்கிவிட்டு, அறையைப் பூட்டிவிடுங்கள்.

இரவு 8:41 | மாமா
இறக்கிவிட்டேன். பூட்டியும் ஆயிற்று.

இரவு 8:44 | நான்
அக்கா, நாளை காலை நான் வருகிறேன். சிசிடிவி, நெட்வொர்க் கேபிள் வேலைக்கு வைத்திருக்கும் டோனர் என்னிடம் இருக்கிறது. அதன் பெட்டி வயரில் டோன் போடும், கையில் பிடிக்கும் புரோப் அந்த வயரைத் தொடாமலே சத்தத்தைக் கேட்கவைக்கும். சித்தப்பா, அது சுவருக்குள் இருக்கும் வீட்டு வயருக்கு வேலை செய்யுமா?

இரவு 8:58 | தஞ்சாவூர் சித்தப்பா
செய்யும். என் சர்வீஸ் முழுவதும் அதை வைத்துத்தான் ஓடியது. நான் 1983இல் லைன்மேனாகச் சேர்ந்தபோது தபாலும் தொலைபேசியும் ஒரே துறை. 1985இல் பிரித்தார்கள், 2000 அக்டோபரில் பிஎஸ்என்எல் ஆனது. பலகையின் பெயர் மாறியதே தவிர, குழிக்குள் உட்கார்ந்து 100 ஜோடி கேபிளில் ஒரே ஒரு ஜோடியைத் தேடும் வேலை மாறவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒருவர் அந்த ஜோடியில் டோன் போடுவார். நான் குழியில் புரோபை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போவேன். எந்த ஜோடியில் சத்தம் அதிகமோ அதை எடுத்து, அதன் இரண்டு வயர் நுனியையும் ஒன்றோடொன்று தொடவைப்பேன். சத்தம் சட்டென்று அடங்கினால் அதுதான் என் ஜோடி. அடங்கவில்லையென்றால் பக்கத்து ஜோடியிலிருந்து கசிந்த சத்தம்.

இரவு 9:02 | தஞ்சாவூர் சித்தப்பா
ஆனால் தம்பி, டெலிபோன் லைனில் இருப்பது 48 வோல்ட். வீட்டில் 230. உன் டோனர் செத்த வயருக்கான கருவி. உயிரோடு இருக்கும் வயரில் கிளிப்பை மாட்டினால் கருவியும் போகும், உன் கையும் போகும். மெயினை இறக்கினால் மட்டும் போதாது. அக்கா வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, மெயினை இறக்கியதும் அது தானாக எழுந்து மாடிக்குக் கரண்ட் கொடுக்கும். அதையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வை.

இரவு 9:05 | நான்
சரி சித்தப்பா. இறக்கிய பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

இரவு 9:09 | தஞ்சாவூர் சித்தப்பா
மீட்டரைப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மட்டும் வைத்துவிட்டு நம்பிவிடாதே. நியூட்ரல் அறுந்த இடத்தில் பேஸ் உயிரோடு இருந்தாலும் மீட்டர் சரியாகக் காட்டாது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார். டெஸ்ட் லாம்ப்பை எர்த்துக்குக் கொடுக்காதே. 40 வாட் பல்பு என்றாலும் 170 மில்லியாம்பியர் இழுக்கும், கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி விழுந்துவிடும்.

இரவு 9:20 | கோவை அண்ணன்
சித்தப்பா, எங்கள் வீட்டில் கீசர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது. தம்பியின் டோனரில் அதையும் கண்டுபிடிக்கலாமா?

இரவு 9:24 | தஞ்சாவூர் சித்தப்பா
அதற்கு இது சரிவராது. அது கசிவு, அறுபட்ட வயர் இல்லை. முதலில் கீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த ஸ்விட்சைப் போட்டுப் பார். விழவில்லையென்றால் கோளாறு கீசருக்குள், பெரும்பாலும் ஹீட்டர் காயில். அப்போதும் விழுந்தால், வயரின் கசிவை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்திருப்பவரைக் கூப்பிடு. பார்க்கும் வரை அந்தக் குளியலறையில் யாரும் கீசர் போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 9:40 | நான்
ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன். மெயின் இறக்கியாச்சு, இன்வெர்ட்டர் பிளக் பிடுங்கியாச்சு, எம்சிபி எல்லாம் கீழே. பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தேன், எதிலும் வோல்டேஜ் இல்லை. எம்சிபி எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸில் நியூட்ரல் லிங்கில் ஒரு கிளிப்பும் எர்த்தில் இன்னொன்றும் மாட்டி டோன் போட்டேன்.

காலை 9:52 | நான்
வீடு முழுக்கக் கேட்கிறது சித்தப்பா. சமையலறைச் சுவர், பூஜை அறை, படிக்கட்டு, எங்கே புரோபை வைத்தாலும் டூ-டி-டூ-டி.

காலை 9:55 | தஞ்சாவூர் சித்தப்பா
லிங்கில் மாட்டினால் அப்படித்தான். வீட்டில் இருக்கும் எல்லாக் கறுப்பு வயரும் அங்கே வந்துதான் கூடுகின்றன. எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை வெட்டாது. லிங்கிலிருந்து எல்லாக் கறுப்பையும் கழற்று. கழற்றும் முன்பு ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் போடு. அப்புறம் ஒவ்வொன்றாக டோன் கொடுத்து எது எங்கே போகிறது என்று பார்.

காலை 10:31 | நான்
மொத்தம் 5 வயர். 1 சமையலறை, 2 ஹால், 4 மோட்டார், 5 கீழ் அறைகள். 3தான் மாடி. படிக்கட்டுச் சுவரில் ஏறுவது தெளிவாகக் கேட்கிறது. புரோபின் சத்தச் சக்கரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு விரல் அகலத்துக்குள் பைப்பின் பாதை தெரிகிறது. அக்காவின் மகள் பின்னாலேயே வந்து பென்சிலால் கோடு போடுகிறாள்.

காலை 10:33 | அக்கா
அவள் கோடு போடுவதைப் பார்த்தால், நான் இத்தனை நாள் காலண்டர் ஆணி அடித்திருப்பது பைப்புக்கு ஒரு விரல் தள்ளி!

காலை 10:34 | அம்மா
கடவுள் காப்பாற்றினார். அந்த ஆணியை முதலில் எடு.

காலை 10:49 | நான்
இங்கே குழம்புகிறது. சத்தம் படிக்கட்டில் ஏறி, மாடி அறைக் கதவுக்கு மேலே வந்து, வலப்பக்கம் திரும்பி, அலமாரிக்குப் பின்னால் போய், ஸ்விட்ச் போர்டு வரைக்கும் கேட்கிறது. எங்கும் நிற்கவில்லை. கதவுக்கு அப்புறம் கொஞ்சம் மெலிகிறது, அவ்வளவுதான். வயர் அறுந்திருந்தால் இப்படிக் கேட்குமா?

காலை 10:56 | தஞ்சாவூர் சித்தப்பா
கேட்கும். இதில்தான் புதிதாகச் செய்பவர்கள் ஏமாறுவார்கள். அந்தப் பைப்புக்குள் கறுப்போடு சேர்ந்து சிவப்பும் ஓடுகிறது. இரண்டும் பல அடி தூரம் ஒட்டிக்கொண்டே போகின்றன. கறுப்பில் நீ கொடுக்கும் டோன், தொடாமலே சிவப்பில் ஏறிவிடும். கறுப்பு அறுந்த இடத்தில் நின்றாலும், சிவப்பு அதைத் தூக்கிக்கொண்டு ஸ்விட்ச் போர்டு வரைக்கும் போகும். நீ இப்போது கேட்பது சிவப்பின் சத்தம்.

காலை 10:58 | தஞ்சாவூர் சித்தப்பா
மாடி எம்சிபியிலிருந்து அந்தச் சிவப்பைக் கழற்றி எர்த்தோடு கட்டு. போர்டிலும் அதன் நுனியைக் கழற்றிவிடு. பல்பைக் கழற்று, ஃபேன் ஸ்விட்ச் அணைந்திருக்கட்டும். சிவப்பில் ஏறும் டோன் எர்த்துக்குள் இறங்கிப் போய்விடும். இப்போது மறுபடி கேள்.

காலை 11:20 | நான்
சித்தப்பா!! கதவுக்கு மேலே வரைக்கும் கணீரென்று கேட்கிறது, அதன் பிறகு ஒன்றுமே இல்லை. கையை நகர்த்தினால் கத்தி வைத்து வெட்டினதுபோல நிற்கிறது. அலமாரியிலிருந்து 4 அடி தள்ளி!

காலை 11:21 | மாமா
அப்படியானால் கார்பெண்டர் ஓட்டை?

காலை 11:23 | தஞ்சாவூர் சித்தப்பா
இன்னும் முடிவு செய்ய வேண்டாம். இப்போது டோனரை ஸ்விட்ச் போர்டுக்குக் கொண்டுபோய், பிளக் பாயிண்டின் கறுப்பு வயரில் ஒரு கிளிப், எர்த்தில் ஒரு கிளிப் மாட்டி, அங்கிருந்து திரும்பி வா. அலமாரிக்குப் பின்னால் கறுப்பு அறுந்திருந்தால் சத்தம் அங்கேயே நிற்கும்.

காலை 11:38 | நான்
அலமாரியைத் தாண்டி நன்றாக வருகிறது. கதவுக்கு மேலே, இந்தப் பக்கத்திலிருந்து வந்தும் அதே இடத்தில் நிற்கிறது. இரண்டு பென்சில் கோட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. தட்டினால் அந்த இடம் மட்டும் டொக்கு டொக்கு என்று காலியாக ஒலிக்கிறது.

காலை 11:41 | தஞ்சாவூர் சித்தப்பா
ஜங்ஷன் பாக்ஸ், வயர்களைச் சேர்க்கும் பெட்டி. பெயிண்ட் அடித்தபோது மூடியின் மேல் புட்டி இழுத்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியனின் ஸ்பிரிங் முட்டியதும் அங்கேதான். மெதுவாகச் சுரண்டு.

பகல் 12:04 | நான்
வட்ட மூடி கிடைத்தது. உள்ளே நான்கு ஜாயிண்ட். ஒன்று கறுப்பு வயர், கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியது. டேப் கருகிப் பொடியாகிவிட்டது. தொட்டதும் இரண்டு நுனியும் பிரிந்து வந்தன. செம்பு கறுத்து, ஒரு அங்குலம் வரை தோல் உருகியிருக்கிறது. மூடியின் உள்பக்கம் பழுப்பாக இருக்கிறது.

பகல் 12:05 | அக்கா
ஐயோ. பிள்ளைகள் தூங்கும் அறைக் கதவுக்கு நேர் மேலே.

பகல் 12:09 | தஞ்சாவூர் சித்தப்பா
முறுக்கு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். சூடானால் இன்னும் தளரும். பல நாளாக வெந்திருக்கிறது அம்மா. அறுந்து போனதே நல்லது என்று நினைத்துக்கொள். தம்பி, கருகியதை வெட்டி எறிந்துவிடு. உள்ளே பளபளவென்று புதுச் செம்பு தெரியும் வரைக்கும் வெட்டு. நீளம் போதவில்லையென்றால் அதே 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் ஒரு துண்டு சேர். டேப் வேண்டாம், கனெக்டர் போட்டு இறுக்கு. மற்ற மூன்று ஜாயிண்டையும் விடாதே.

பகல் 12:52 | நான்
நான்கும் கனெக்டரில் போட்டாச்சு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மெயினைப் போடட்டுமா?

பகல் 12:53 | தஞ்சாவூர் சித்தப்பா
நில். சிவப்பை எர்த்தோடு கட்டினாயே, அவிழ்த்தாயா?

பகல் 12:54 | நான்
இல்லை சித்தப்பா. இதோ அவிழ்க்கிறேன்.

பகல் 12:56 | தஞ்சாவூர் சித்தப்பா
அவிழ்த்து எம்சிபியில் மாட்டு. போர்டிலும் மாட்டு. லிங்கில் ஐந்து கறுப்பும் திருகு இறுகி இருக்கிறதா பார். ஒன்று விட்டுப்போனாலும் இன்னொரு அறையில் இதே கதைதான். கடைசியாக மீட்டரை வைத்துச் சிவப்புக்கும் எர்த்துக்கும், சிவப்புக்கும் கறுப்புக்கும் ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டு மெயினைப் போடு.

பகல் 1:15 | அக்கா
ஃபேன் சுற்றுகிறது!!!

பகல் 1:16 | அம்மா
தம்பி சாப்பிட்டானா? அவனுக்கு முதலில் சோறு போடு.

பகல் 1:22 | மாமா
மாமா, கார்பெண்டருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நன்றாகப் பேசினார். ஒரு சுத்தியல் அடிகூட விழாமல் முடிந்தது. உங்களுக்கும் தம்பிக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பகல் 1:30 | தஞ்சாவூர் சித்தப்பா
மாப்பிள்ளை, அதே ஆள் அதே நாளில் முறுக்கிய ஜாயிண்ட் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கும். கீழ் அறைகளில் எத்தனை பாக்ஸ் புட்டிக்கு அடியில் இருக்கின்றன?

பகல் 1:41 | நான்
சாப்பிட்டுவிட்டுப் புரோபை வைத்துப் பார்த்தேன். இரண்டு இருக்கும்போலத் தெரிகிறது, ஹால் கதவுக்கு மேலே ஒன்று, சமையலறைக்கு வெளியே ஒன்று. அடுத்த ஞாயிறு இரண்டையும் திறக்கிறேன்.

பகல் 1:44 | தஞ்சாவூர் சித்தப்பா
நானும் வருகிறேன். அந்த எண் ஒட்டிய டேப்பைப் பிய்க்காதே. எது எந்த அறை என்று டிபி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடு.

பகல் 1:58 | அக்கா
ஒட்டியாச்சு சித்தப்பா. உங்கள் பேத்திதான் எழுதினாள். 3 என்று போட்டு, பக்கத்தில் 'எங்க ரூம்' என்று எழுதியிருக்கிறாள்.