பி.எம்.டபிள்யூ. 320டி-க்கு நாலு டயரும் மாற்றணும்: மறுபடியும் ரன்ஃப்ளாட்டா, சாதாரண டயரா?

வேளச்சேரிவாசி

வணக்கம் நண்பர்களே. 2016 மாடல் 320டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. டயர் அளவு 225/50 ஆர்17, நாலும் ரன்ஃப்ளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர். தரையில் படுகிற பட்டன் தேய்ந்து கடைசி அடையாளத்தைத் தொட்டுவிட்டது. போதாததற்கு இடது பின் டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வீக்கம், பள்ளிக்கரணை அருகே தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் இறங்கியதில் வந்தது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நாலையும் மாற்றிவிட வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம்.

விசாரித்த கடைகளில் ரன்ஃப்ளாட் செட்டுக்கும் சாதாரண செட்டுக்கும் முப்பது, நாற்பதாயிரம் வித்தியாசம் சொல்கிறார்கள். தினசரி ஓட்டம் வேளச்சேரி - சிறுசேரி. மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரில் இந்த டயரோடு போனால் சாலையில் இருக்கிற ஒவ்வொரு ஒட்டும் இடுப்பில் தெரிகிறது. அப்புறம், அப்பா அம்மா திருச்சியில். அடிக்கடி வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புவோம், பின் சீட்டில் பாப்பா தூங்கிக்கொண்டிருப்பாள். மனைவியும் இதே வண்டியை ஓட்டுவார், சில நாள் இரவில் தனியாக.

டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. வாங்கும்போதே இல்லை.

நகர ஓட்டத்துக்கு சாதாரண டயர் போட்டால் நிஜமாகவே மெத்தென்று இருக்குமா? வண்டியே ரன்ஃப்ளாட்டுக்கு என்று வடிவமைத்தது, மாற்றினால் ஓட்டம் கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா? ஸ்டெப்னி இல்லாமல் சாதாரண டயரோடு திருச்சி போவது சரியா?

குரோம்பேட்டை டயர்காரர்

தம்பி, முதலில் அந்த வீங்கின டயரோடு ஹைவேயில் ஏறாதீர்கள். வீக்கம் என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, மேலே தெரிகிற ரப்பர் மட்டும்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரன்ஃப்ளாட்தானே, தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ரன்ஃப்ளாட்டின் பலமே பக்கச்சுவரில்தான் இருக்கிறது, அதுவே அடிபட்டிருக்கும்போது எதை நம்பி ஓட்டுவது? அதை இந்த வாரமே கழற்றுங்கள்.

சாதாரண டயரில் வண்டி எடையைச் சுமப்பது காற்று. காற்று போனால் பக்கச்சுவர் மடங்கி ரிம் தரையில் உட்கார்ந்துவிடும். ரன்ஃப்ளாட்டில் பக்கச்சுவரின் உட்புறம் சூடு தாங்கும் ரப்பரைத் தடிமனாக வைத்திருப்பார்கள், காற்று முழுக்கப் போனாலும் அது வண்டியை நிறுத்திப் பிடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டலாம் என்று கம்பெனிகள் சொல்வது இதனால்தான். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், சித்திரை வெயில் என்றால் அந்தத் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள், குறையும். ஓ.எம்.ஆரில் உங்கள் இடுப்புக்கு இறங்குவதும் அதே தடிமன்தான். ஆட்டத்தை டயர் வாங்கிக்கொள்ளாமல் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் அனுப்பிவிடும். ரிம் வளைந்து பேலன்சிங் நிற்காமல் வருகிற வண்டிகளில் ரன்ஃப்ளாட் வண்டிகளை நான் நிறையவே பார்க்கிறேன்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. காற்றில்லாமல் ஓட்டி வந்த ரன்ஃப்ளாட் டயர் வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும். ரிம்மிலிருந்து கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் கொட்டும், பக்கச்சுவரின் உள்பக்கம் சுற்றிலும் வளையமாகத் தேய்ந்து சுருக்கம் விழுந்திருக்கும். அந்த டயரின் ஆயுள் அவ்வளவுதான். 'ஒரே ஒரு ஆணிதானே, ஸ்ட்ரிப் சொருகிக் கொடுங்கள்' என்று கேட்பார்கள். கழற்றிப் பார்க்காமல் அதைச் செய்து கொடுக்கிற பஞ்சர் கடைக்குத் திரும்பப் போகாதீர்கள். காற்று இறங்கத் தொடங்கும்போதே கவனித்து நிறுத்திவிட்டீர்கள், ஆணியும் பட்டன் பகுதியில் ஏறியிருக்கிறது என்றால் கழற்றிச் சோதித்து உள்பக்கமிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போடச் சில கம்பெனிகள் ஒருமுறை அனுமதிக்கின்றன. சில கம்பெனிகள் கூடவே கூடாது என்கின்றன.

ஸ்டெப்னியும் இல்லாமல் ரன்ஃப்ளாட்டும் இல்லாமல் ராத்திரியில் குழந்தையோடு திருச்சி போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதை முதலில் தீர்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

போரூர் 320

என்னிடமும் இதே தலைமுறை வண்டிதான். ரன்ஃப்ளாட் தேய்ந்ததும் சாதாரண டயருக்கு மாறிவிட்டேன், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

ஓட்டம் கெடும் என்பதைப் பற்றி: ரன்ஃப்ளாட்டின் விறைப்பைக் கணக்கில் வைத்துத்தான் சஸ்பென்ஷனை அமைத்திருக்கிறார்கள், அது நிஜம். அதனால் மாற்றியதும் ஸ்டீயரிங் திருப்பலில் அந்த முதல் வெட்டு கொஞ்சம் மழுங்கினதாகத் தோன்றும், இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். பாதுகாப்பில் குறை ஏதும் எனக்குத் தெரியவில்லை. அதே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் ரகமான எம்3, எம்4 வண்டிகள் சாதாரண டயரில்தான் வருகின்றன, ஓட்டத்துக்கு ரன்ஃப்ளாட் கட்டாயம் என்றால் அவற்றுக்குத்தானே முதலில் போட்டிருக்க வேண்டும்? மெத்தென்று இருக்குமா என்றால், கட்டாயம் இருக்கும். மதுரவாயல் பைபாஸில் பால ஒட்டுகளைத் தாண்டும்போது முன்னே டம் டம் என்று வந்த சத்தம் இப்போது அமுங்கித்தான் கேட்கிறது.

திருச்சிக்கு வருவோம். ராத்திரி பத்து மணிக்கு மேல்மருவத்தூர் தாண்டி பஞ்சர் என்று வையுங்கள். ரன்ஃப்ளாட் உங்களைத் திண்டிவனமோ விழுப்புரமோ கொண்டு சேர்க்கும், மறுக்கவில்லை. அப்புறம்? 225/50 ஆர்17 ரன்ஃப்ளாட் அங்கே எந்தக் கடையில் இருக்கும்? சென்னையிலேயே பல கடைகளில் 'நாளைக்கு வரவழைத்துத் தருகிறோம்' என்பதுதான் பதில். குடும்பத்தோடு லாட்ஜில் தங்கி டயருக்குக் காத்திருக்க வேண்டும். சாதாரண டயரும் ஸ்டெப்னியும் இருந்தால் மாற்றிக்கொண்டு மெதுவாகப் போய், விடிந்ததும் ஏதாவது ஒரு ஊரில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு பயணத்தைத் தொடரலாம்.

ஸ்டெப்னி வாங்கும்போது: உங்கள் வண்டிக்கு போல்ட் அமைப்பு 5x120, அதாவது 120 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். அடுத்த தலைமுறை 3 சீரிஸில் 5x112 ஆகிவிட்டது, புதுப்பேட்டையில் பழையது தேடினால் இரண்டையும் குழப்பி ஏமாறாதீர்கள். தற்காலிகமாக மாட்டுகிற மெல்லிய ஸ்பேஸ் சேவர் வீலே போதும். ஆனால் முன்சக்கரத்தில் ஒருமுறை மாட்டிச் சுற்றிப் பாருங்கள், பிரேக் காலிப்பரில் இடிக்கக் கூடாது. அதற்கும் வேக வரம்பு 80தான். காற்று 4.2 பார், அதாவது ஏறக்குறைய 60 பிஎஸ்ஐ. டிக்கியில் கிடப்பதில் இறங்கிக்கொண்டே இருக்கும், மாதம் ஒருமுறை பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டும் வண்டியில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் பாதி நேரம் இருக்காது.

இசிஆர் இரவுப்பணி

போரூர்க்காரர் சொல்வதெல்லாம் ஆண் ஒருவர் ஓட்டுகிற வண்டிக்குச் சரி. நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறவள், பாதி நாள் நள்ளிரவில் ஈ.சி.ஆரில் தனியாக வருகிறேன். கேள்வி கேட்டவர் தன் மனைவி தனியாக ஓட்டுவார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார், பதில் சொன்னவர்கள் அதைக் கடந்து போய்விட்டீர்கள்.

என் வண்டியிலும் ரன்ஃப்ளாட்தான். முட்டுக்காடு பாலம் தாண்டியதும் எனக்கு டயர் காற்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையோரம் இரண்டு பைக் நின்றிருந்தன, யார் என்ன என்று தெரியாது. நான் நிறுத்தவே இல்லை. வேகத்தை ஐம்பதுக்குக் குறைத்து, இடது ஓரமாகவே திருவான்மியூர் வரை வந்து, எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்குள் வண்டியை விட்ட பிறகுதான் இறங்கிப் பார்த்தேன். பின் டயரில் ஒரு துளி காற்று இல்லை. அந்த டயர் குப்பைக்குப் போனது, பணமும் போனது, அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

டிக்கியில் ஸ்டெப்னி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இருட்டில் இறங்கி ஜாக்கி போட்டிருக்க மாட்டேன். போட்டிருந்தாலும், கடையில் ஏர் கன் வைத்து முறுக்கிய போல்ட் வண்டியோடு வருகிற அந்தச் சின்ன ஸ்பேனருக்கு அசையாது, பகலில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பஞ்சர் கிட்டும் இதே கதைதான். அதில் இருக்கிற திரவம் பட்டனில் ஏறிய சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும், 4 மில்லிமீட்டர் வரை என்று போட்டிருக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. அதற்கும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

விழுப்புரத்தில் டயர் கிடைக்காது என்கிறார். கிடைக்கவே வேண்டாம். வெளிச்சமும் மனிதர்களும் இருக்கிற ஓர் இடத்துக்குக் குழந்தை தூக்கம் கலையாமல் போய்ச் சேர்ந்தாலே போதும். லாட்ஜ் வாடகை ஒரு பெரிய செலவா?

சார், உங்கள் வீட்டில் அவரைக் கேட்டீர்களா? அவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வேளச்சேரிவாசி

மேடம், நன்றி. உண்மையிலேயே அவரிடம் இதுவரை நான் கேட்கவில்லை. நேற்று ராத்திரி நீங்கள் எல்லோரும் எழுதியதை அப்படியே படிக்கக் கொடுத்தேன். போரூர் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு 'இதெல்லாம் சரிதான்' என்றார், உங்களுடையதைப் படித்து முடித்ததும் 'எனக்கு ரன்ஃப்ளாட்' என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டயர்கார அண்ணா, பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு யோசனை. பின்னால் இரண்டு ரன்ஃப்ளாட், முன்னால் இரண்டு சாதாரண டயர் போடலாமா? ஒரு கடையில் தாராளமாகப் போடலாம் என்றார்கள். அப்புறம், கடையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை டயர்காரர்

கலக்காதீர்கள். முன்னே ஒரு விறைப்பு, பின்னே ஒரு விறைப்பு என்றால் ஈரத்தில் சட்டென்று திருப்பும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று உங்களால் கணிக்க முடியாது. முன் டயர் பஞ்சரானால் ரன்ஃப்ளாட்டுக்குக் கொடுத்த பணத்தால் ஒரு பயனும் இல்லை. நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், அப்படித்தான் போட வேண்டும்.

ரன்ஃப்ளாட் என்று சொல்லிச் சாதாரண டயரைக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் பக்கவாட்டு எழுத்தைப் படியுங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, மிஷெலின் என்றால் இசட்பி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர், குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப் என்று போட்டிருக்கும். அதே இடத்தில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ரன்ஃப்ளாட் மெதுவாக விற்கிற சரக்கு, குடோனில் கிடந்த பழையது வந்துவிட வாய்ப்பு அதிகம், நாலு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள். எடைக் குறியீடு 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். உங்கள் வண்டி மேனுவலில் இருக்கும் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள், வேக எழுத்துக்கும் அதேதான்.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். ரன்ஃப்ளாட் பக்கச்சுவர் வளைந்து கொடுக்காது, பழைய மிஷினில் கடப்பாரையை விட்டு நெம்பினால் டயரின் விளிம்பு கிழியும், ரிம்மும் கீறும். டயரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற துணைக் கை உள்ள மிஷின் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். வால்வில் சென்சார் இருந்தால் நெம்பும்போது உடைந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் காற்றழுத்தக் கண்காணிப்பை மெனுவில் போய் ரீசெட் செய்யுங்கள். ரன்ஃப்ளாட்டில் காற்று போனது ஓட்டுகிறவருக்குப் பல நேரம் தெரியவே தெரியாது, அந்த விளக்கை மட்டும்தான் நம்ப வேண்டும். அது வேலை செய்யாத வண்டிக்கு நான் ரன்ஃப்ளாட் மாட்டித் தர மாட்டேன்.

போரூர் 320

மேடம் சொன்னதில் நியாயம் இருக்கிறது, என் வீட்டில் வண்டியை நான் மட்டும்தான் ஓட்டுகிறேன் என்பதால் அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் திருச்சி ஓட்டத்துக்கு ரன்ஃப்ளாட் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள் நண்பரே. 2020 அக்டோபரிலிருந்து காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருக்கிற காருக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று விதி மாறியது என்னவோ நிஜம்தான். விதி விட்டுவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்ப்பேட்டையில் உங்கள் அளவு டயர் கிடைக்கப் போவதில்லை. ஸ்பேஸ் சேவரை வாங்கி வீட்டில் வையுங்கள், ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

வேளச்சேரிவாசி

அதுதான் முடிவு. நாலும் ரன்ஃப்ளாட், திருச்சிக்கு மட்டும் ஸ்டெப்னி. வீங்கின டயரோடு வண்டியை எடுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை துணைக் கை மிஷின் இருக்கிற கடையில் நேரம் வாங்கியிருக்கிறேன். 5x120 ஸ்பேஸ் சேவர் யாரிடமாவது சும்மா கிடந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், பிரேக்கில் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.