ஃபின்லாந்துல இருந்து என்ன மிட்டாய் வாங்கி வரச் சொல்லலாம்?

மக்களே, ஒரு உதவி. தம்பி ஹெல்சின்கியில இருக்கான், மே மாசம் மதுரைக்கு வர்றான்.

போன தடவை சல்மியாக்கி கொண்டு வந்தான். கன்னங்கரேல்னு சாய்சதுரமா இருந்துச்சு. சாக்லேட்னு நினைச்சு ஆளுக்கொண்ணு வாயில போட்டோம். அப்பா நேரா வாசலுக்குப் போய்த் துப்பிட்டார். விசாரிச்சா, அதிமதுரத்தோட நவச்சாரம் சேர்க்கிறாங்களாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் தேய்ப்பாரே, அதே சரக்கு! அங்கே பிள்ளைங்க அதை ஆசையா சாப்பிடுதுங்க.

இந்தத் தடவை ஃபாசர் நீலக் கவர் பால் சாக்லேட் கேட்கலாம்னு இருக்கேன். 1922-லருந்து வர்ற சரக்கு. ஆனா கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்துலயே உருகிடும், மதுரை மே வெயிலைக் கேட்கவே வேண்டாம். மெத்து மெத்துன்னு இருக்கிற ஜெல்லி மிட்டாயும் ஆகாது. ஜெலட்டின் இருக்கும், பெரும்பாலும் பன்றித்தோல்ல எடுக்கிறது. அம்மா சுத்த சைவம்.

கோடையில சாக்லேட் உருகாம ஊருக்குக் கொண்டு வந்தவங்க எப்படிக் கட்டினீங்க? பெப்பர்மின்ட் ஓட்டுக்குள்ள சாக்லேட் வச்ச மரியானே மிட்டாய் வெயில் தாங்குமா? சாப்பிட்டவங்க சொல்லுங்க. சல்மியாக்கி ரசிகர்கள் யாராவது இருந்தா, பாதி டப்பா இன்னும் அப்படியே இருக்கு, வந்து எடுத்துக்கலாம்.