தலைல இடிச்சவன் மேட்ச் முழுக்க ஆடுறான், இடி வாங்குனவன் வெளிய. இது என்ன கணக்கு? (ஏஎஃப்எல்)

ஈசூன்_கதிர்

வணக்கம் மக்களே, ஃபூட்டி (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், அதோட பெரிய லீக்தான் ஏஎஃப்எல்) பாக்குற தமிழ் ஆளுங்க சிங்கப்பூர்ல ரெண்டு மூணு பேராச்சும் இருப்பீங்கன்னு நம்பி கேக்குறேன். ஆபீஸ்ல ஒரு மெல்பர்ன்காரர், காலிங்வுட் டீம் வெறியர், அவர் புண்ணியத்துல நானும் பாக்க ஆரம்பிச்சேன், அங்க ராத்திரி ஏழரைக்கு மேட்ச்னா நமக்கு சாயங்காலம் அஞ்சரை, டீ போட்டு உக்காந்தா சரியா இருக்கும். இப்ப என்ன ஆச்சுன்னா என் பையன் செக் 1 (உயர்நிலைப் பள்ளி முதல் வருஷம்) படிக்கிறான், என்கூட பாத்து பாத்து அவனுக்கும் ஆசை வந்து இங்க ஆஸ்திரேலியாக்காரங்க நடத்துற ஜூனியர் டீம்ல சனிக்கிழமை காலைல போய் ஆடிட்டு வர்றான்.

போன வாரம் யூடியூப்ல பழைய கிளிப் வரிசையா ஓடிட்டு இருந்துச்சு, வீட்டுக்காரம்மாவும் பக்கத்துல. ஒருத்தன் பந்து மேலயே கண்ணா குனியுறான், இன்னொருத்தன் தோளை மடக்கிட்டு வந்து நேரா தலைல ஒரு இடி. விழுந்தவனை ட்ரெய்னர் ரெண்டு பேர் கைத்தாங்கலா தூக்குறாங்க, அவன் கண்ணு எங்கயோ பாக்குது, கால் தரைல பதியவே இல்ல. இடிச்சவனுக்கு மஞ்சள் கார்டும் கிடையாது ரெட் கார்டும் கிடையாது, ஒரு ஃப்ரீ கிக், அவ்ளோதான், அவன் பாட்டுக்கு ஆடி கோல் வேற போடுறான்! அடுத்த கிளிப்ல கிட்டத்தட்ட அதே மாதிரி இடி, ஆனா விழுந்தவன் எந்திரிச்சுட்டான், இடிச்சவனுக்கு வெறும் அபராதம்னு போடுறாங்க. முதல் ஆளுக்கு மட்டும் பல மேட்ச் தடை. எப்படி முடிவு பண்றாங்க இதெல்லாம்? இந்த சஸ்பென்ஷன் எல்லாம் உண்மையிலேயே தலையை காப்பாத்துதா? வீட்ல இப்ப "பையனை பூப்பந்துக்கு மாத்துங்க"ன்னு ஒரே பேச்சு.

பெர்த்_பழனி

கதிர், நான் பெர்த்ல படிச்ச காலத்துலேர்ந்து வெஸ்ட் கோஸ்ட் டீம் ஆளு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கங்க.

ஏஎஃப்எல்ல ஆளை வெளிய அனுப்புற விதியே கிடையாது. அம்பயர் ரிப்போர்ட் மட்டும் பண்ணுவாரு, தண்டனை எல்லாம் மேட்ச் முடிஞ்ச பிறகுதான். மேட்ச் ரிவ்யூ ஆபீசர்னு ஒருத்தர் வீடியோ பாத்து மூணு விஷயம் பாப்பாரு, வேணும்னே செஞ்சானா இல்ல கவனக்குறைவா, இடி எவ்ளோ பலம், பட்டது தலைலயா உடம்புலயா. கவனக்குறைவு, தலை, பலம் குறைவுன்னா அபராதம், நடுத்தரம்னா 1 மேட்ச், அதிகம்னா 2, ரொம்ப மோசம்னா நேரா ட்ரைபியூனல் (லீக்கோட விசாரணைக் குழு), அங்க குறைஞ்சது 3. நீங்க பாத்த ரெண்டு கிளிப்புக்கும் வித்தியாசம் அந்த பலம்ன்ற கட்டத்துலதான் வந்திருக்கும். விழுந்தவனுக்கு கன்கஷன் (தலைல அடிபட்டு மூளை குலுங்குறது)னு டாக்டர் ரிப்போர்ட் வந்துச்சுன்னா கட்டம் மேல ஏறிடும். அடி படலன்னாலும் பட்டிருக்க வாய்ப்பு எவ்ளோன்னும் பாக்கலாம்னு விதில இருக்கு, ஆனா நடைமுறைல டாக்டர் ரிப்போர்ட்தான் பேசும்.

பிரேஷா அண்ணன் தம்பி கதை தெரியுமா? 2018 ஆகஸ்ட்ல எங்க ஆளு ஆண்ட்ரூ காஃப், ஃப்ரிமாண்டில் டீம்ல ஆடுன சின்னப்பையன் ஆண்ட்ரூ பிரேஷாவை பந்து எங்கயோ இருக்கும்போது குத்திட்டாரு, தாடை உடைஞ்சு பல்லு இடம் மாறிடுச்சு. 8 மேட்ச் தடை. அந்த வருஷம் வெஸ்ட் கோஸ்ட் கோப்பை ஜெயிச்சப்ப காஃப் ஆட முடியல. குத்து குத்துதான், அதுல எனக்கு வாதமே இல்ல. அப்புறம் 2023 செப்டம்பர், எம்சிஜி மைதானத்துல ஃபைனல்ஸ் சுற்றோட முதல் மேட்ச், உங்க ஆபீஸ்காரரோட காலிங்வுட்டுக்கு ஆடுற பிரேடன் மேனார்ட், மெல்பர்ன் டீம் ஆங்கஸ் பிரேஷா உதைச்ச பந்தை தடுக்க எகிறி குதிச்சாரு, பந்து சிக்கல, காத்துலயே உடம்பு திரும்பி தோள் போய் தலைல இறங்கிடுச்சு. ஆங்கஸ் அங்கயே மயக்கம். அவர் தலைல ஹெல்மெட் வேற போட்டிருந்தாரு. ட்ரைபியூனல்ல நிபுணர் சாட்சி எல்லாம் வச்சு, எகிறுன பிறகு யோசிக்க நேரமே இல்லன்னு வாதாடி மேனார்ட் வெளிய வந்துட்டாரு, அந்த மாசமே கோப்பையும் தூக்குனாரு. ஆங்கஸ் 2024 பிப்ரவரில 28 வயசுல ரிட்டயர், டாக்டருங்க இனி ஆடவே கூடாதுன்னுட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் விதியை மாத்துனாங்க, பந்தை தடுக்க எகிறணும்னு முடிவு பண்ணது நீ, தலைல பட்டா கவனக்குறைவுன்னு எடுத்துக்குவோம்னு. அதாவது ஒரு ஆளோட தொழில் போன பிறகு.

ரக்பி_மாமா

பழனி சொன்னதுல பாதி ஒத்துக்குறேன். நான் இங்க ஸ்கூல்லேர்ந்து ரக்பி ஆடுனவன், இப்ப முட்டி போயிடுச்சு, வாய் மட்டும்தான் ஓடுது. ரக்பில தலைல மோசமா இடிச்சா அங்கயே ரெட் கார்டு, டீம் ஒரு ஆள் குறைச்சலா ஆடும் (இப்ப சில போட்டில 20 நிமிஷம் கழிச்சு வேற ஆளை இறக்கலாம்னு தளர்த்திட்டாங்க, எனக்கு புடிக்கல). ஃபூட்டில இடி வாங்குன டீம்தான் ஒரு நல்ல ஆளை இழக்குது, இடிச்ச டீமுக்கு அந்த மேட்ச்ல ஒரு நஷ்டமும் இல்ல, அடுத்த வாரம் வேற எவனோ எதிரிக்குத்தான் லாபம். இதை எந்த ஊர் நியாயம்னு சொல்றது.

ஆனா காயத்தை வச்சு தண்டனை குடுக்குறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. சிவப்பு விளக்குல ரெண்டு பேர் காரை விடுறான், ஒருத்தன் குறுக்க யாரும் வரல, தப்பிச்சான், ஆனா தப்பு ஒண்ணுதானே? 2024 மார்ச்ல எஸ்ஸெண்டன் பீட்டர் ரைட், 2 மீட்டருக்கு மேல உயரமான ஆளு, உயரத்துல வந்த பந்தை புடிக்க ஓடுறாரு, கடைசி நொடில சிட்னியோட கன்னிங்ஹாம் குறுக்க வர உடம்பை திருப்பிட்டாரு, 4 மேட்ச். அவர் ஆரம்பத்துல பந்துக்குத்தான் போனாரு. 2025ல ஃப்ரிமாண்டில் கேப்டன் அலெக்ஸ் பியர்ஸ் அதே மாதிரி ஓடி வந்து மோதுனதுக்கு முதல்ல 3 மேட்ச்னு சொல்லி, ட்ரைபியூனல்ல ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுச்சு. ஆடுறவன் எதை பாத்து கத்துக்குவான்?

இன்னும் கேளுங்க, 2022ல கார்ல்டன் கேப்டன் பேட்ரிக் கிரிப்ஸுக்கு இடிச்சதுக்கு 2 மேட்ச் தடை, ட்ரைபியூனலும் சரின்னுச்சு, அப்பீல் போர்டுல சட்ட நடைமுறை தப்புன்னு ஒரு பாயிண்ட்ல தடையே ரத்து. அந்த வருஷம் பிரவுன்லோ மெடல் (லீக்கோட சிறந்த ஆட்டக்காரருக்கு குடுக்குறது) அவருக்குத்தான், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். சஸ்பென்ட் ஆனவனுக்கு அந்த மெடல் கிடையாதுன்றது ரொம்ப வருஷத்து வழக்கம். ஒரு நல்ல வக்கீல் மெடலையே வாங்கி குடுத்துட்டாருன்னுதான் நான் சொல்லுவேன், கார்ல்டன் ஆளுங்க வந்து திட்டட்டும்.

பெர்த்_பழனி

மாமா, கார் உதாரணம் சரிதான், ஆனா ஒண்ணு யோசிங்க, காயத்தை கணக்குல எடுக்கலன்னா வாராவாரம் பாதி டீம் வெளிய உக்காந்திருக்கும், 36 பேர் 360 டிகிரிலேர்ந்தும் ஓடி வர்ற ஆட்டம், ரக்பி மாதிரி எதிராளி எப்பவும் முன்னாடிதான் நிப்பான்ற கதை இல்ல. ஆனா ஆட்டக்காரனுக்கு செய்தி போய்ச் சேருதுன்றது என் அனுபவம். 2024 சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி பயிற்சி மேட்ச்லயே செயின்ட் கில்டா ஜிம்மி வெப்ஸ்டர், நார்த் மெல்பர்ன் கேப்டன் சிம்ப்கினை பந்தை உதைச்ச பிறகு தலைல இடிச்சதுக்கு 7 மேட்ச். பழைய கிளிப்ல நீங்க பாக்குற அந்த தோள் மடக்குற இடி இப்ப எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு ஒரு முழு மேட்ச் உக்காந்து பாருங்க.

தெம்பனிஸ்_நர்ஸ்

நான் ஃபூட்டி பாக்க மாட்டேன், தலைப்புல தலைன்னு பாத்து உள்ள வந்தேன். ஏ&இ (அவசர சிகிச்சை) வார்டுல வருஷக்கணக்கா வேலை பாக்குறேன், அதனால கதிர் தம்பியோட கடைசி கேள்விக்கு மட்டும் சொல்றேன்.

நீங்க எல்லாரும் எத்தனை மேட்ச் எத்தனை மேட்ச்னு சண்டை போடுறீங்க. தடை எல்லாம் கேமராவுல தெரியுற பெரிய இடிக்கு. மூளைக்கு வர்ற நீண்டகால பாதிப்பு, சிடிஇன்னு சொல்றாங்களே, அது வருஷக்கணக்குல திரும்பத் திரும்ப வாங்குற அடியோட சேர்த்து பாக்கணும், அதுல மயக்கம் போட வைக்காத, யாருமே ரிப்போர்ட் பண்ணாத சின்ன சின்ன அடிதான் நிறைய, அதுல ஒரு பங்கு பயிற்சிலதான் விழுது. பயிற்சில எந்த ட்ரைபியூனல் உக்காந்திருக்கு? சிடிஇயை உயிரோட இருக்கும்போது உறுதியா கண்டுபிடிக்கவும் முடியாது, இறந்த பிறகு மூளையை பரிசோதிச்சாத்தான். பாலி ஃபார்மர், டேனி ஃப்ராலி, 38 வயசுல இறந்த ஷேன் டக், இவங்களுக்கெல்லாம் அப்படித்தான் தெரிய வந்துச்சு, ஹெதர் ஆண்டர்சன்னு பெண்கள் லீக்ல ஆடுன பொண்ணு, ராணுவத்துல மெடிக்கா இருந்தவ, 28 வயசு, 2023ல அவளுக்கும் இருந்துச்சுன்னு சொன்னாங்க. ஷேன் டக் கேஸை விசாரிச்ச விக்டோரியா கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) இடி பயிற்சியை குறைக்கணும்னுதான் முக்கியமா பரிந்துரை பண்ணாரு. இதை செய்திகள்ல படிச்சுட்டு எங்க வார்டுல எல்லாரும் பேசிக்கிட்டோம்.

பையன் விஷயத்துக்கு வர்றேன். மயக்கம் போட்டாத்தான் கன்கஷன்னு நிறைய அப்பாம்மா நினைக்குறாங்க, இல்ல, பெரும்பாலானவங்க மயக்கமே போட மாட்டாங்க. ஒரு பையன் வந்தான், ஸ்கூல் விளையாட்டுல தலை மோதிடுச்சு, கூட வந்த அப்பா "நல்லா பேசுறான் சிஸ்டர், பசிக்குதுன்றான்"னு சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் அவன்கிட்ட ஸ்கோர் என்னன்னு கேட்டேன், சொன்னான். ஒரு நிமிஷம் கழிச்சு அவனே "மிஸ், மேட்ச் முடிஞ்சுருச்சா?"ன்னு கேக்குறான். திரும்பவும் கேக்குறான். லைட்டை பாத்தா கண்ணை சுருக்குறான். அப்பா முகம் அப்பதான் மாறுச்சு. வாந்தி, தலைவலி ஏறிக்கிட்டே போறது, தூங்குனவனை எழுப்ப முடியாதது, கை கால் பலவீனம், வலிப்பு, இதுல எது வந்தாலும் நேரா ஏ&இ, பாலிகிளினிக் க்யூல நிக்காதீங்க. மத்தபடி சந்தேகம் வந்த அன்னிக்கே ஆட்டத்தை நிறுத்திடணும், "அஞ்சு நிமிஷம் பாத்துட்டு இறக்குவோம்"ன்ற பேச்சே கூடாது.

சிவா_உட்லண்ட்ஸ்

கிரிக்கெட்லயும் இதே கூத்துதான். 2020 டிசம்பர் கான்பெரா டி20, நம்ம நடராஜன் முதல் டி20 ஆடுன மேட்ச், ஜடேஜா ஹெல்மெட்ல ஸ்டார்க் பந்து பட்டு, தொடர்ந்து ஆடி முடிச்சுட்டாரு, அப்புறம் பௌலிங்குக்கு சஹல் கன்கஷன் சப்பா (மாற்று ஆளா) வந்து 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆயிட்டாரு. ஆஸ்திரேலியா கோச் எல்லைக்கோட்டுல நின்னு சண்டை போட்டாரு. ஊரே சப் நியாயமான்னு பேசுச்சு, தலைல அடிபட்டவரை ஏன் அந்த ஓவரை ஆட விட்டீங்கன்னு கேட்டவங்க கொஞ்சம் பேர்தான்.

ஏஎஃப்எல் ஏன் இப்ப இவ்ளோ கண்டிப்பு காட்டுதுன்னா 2023 மார்ச்ல பழைய ஆட்டக்காரங்க சேர்ந்து கோர்ட்டுக்கு போனாங்களே, அந்த கேஸ். அக்கறைன்னு எல்லாம் நம்பாதீங்க லா.

ரக்பி_மாமா

சிவா, பயத்துல செஞ்சாலும் செஞ்சது செஞ்சதுதானே. சிஸ்டர் சொன்ன பயிற்சி விஷயம் மட்டும் என் வாயை அடைச்சுடுச்சு. நாங்க ஆடுனப்ப செவ்வாய்க்கிழமை பயிற்சிலதான் சனிக்கிழமையை விட அதிகமா மோதுவோம், கோச் கைதட்டுவாரு.

ஈசூன்_கதிர்

எல்லாருக்கும் நன்றி, ஆபீஸ்காரர்கிட்ட மேனார்ட் பேரை எடுத்தேன், மனுஷன் மதிய சாப்பாட்டை பாதில வச்சுட்டு வாதாட ஆரம்பிச்சுட்டாரு.

சிஸ்டர், ரெண்டு சந்தேகம். அடி பட்டா எத்தனை நாள் கழிச்சு ஆட விடலாம்? டிவில பாத்தா அடுத்த வாரம் ஒண்ணு விட்டுட்டு அதுக்கு அடுத்த வாரம் வந்துடுறாங்க. அப்புறம் அந்த மெத்து மெத்துன்னு இருக்குமே ஹெல்மெட், அது வாங்கி குடுத்தா வீட்ல சமாதானம் ஆவாங்களான்னு பாக்குறேன்.

தெம்பனிஸ்_நர்ஸ்

டிவில பாக்குறது பெரியவங்க, ஏஎஃப்எல்ல குறைஞ்சது 12 நாள், கூடவே டாக்டர், ஃபிசியோ எல்லாம் பக்கத்துலயே இருக்காங்க. பசங்களுக்கும் ஊர் கிளப்புகளுக்கும் ஆஸ்திரேலியாவுல 2024லேர்ந்து குறைஞ்சது 21 நாள்னு வழிகாட்டுதல், அதுலயும் ஓய்வா இருக்கும்போது ஒரு அறிகுறியும் இல்லாம 14 நாள் முழுசா போயிருக்கணும், அதுக்கு அப்புறம்தான் இடி உள்ள பயிற்சி. முதல்ல ஸ்கூலுக்கு ஒழுங்கா போய் உக்காந்து படிக்க முடியுதான்னு பாருங்க, அது முடிஞ்ச பிறகு விளையாட்டு. உங்க டீம் இதை பின்பற்றுதா, சனிக்கிழமை மைதானத்துல அடிபட்டவனை வெளிய எடுக்குற அதிகாரம் யார் கைல இருக்கு, கோச் கைலயா இல்ல வேற ஒருத்தர் கைலயா, இதை கேளுங்க. இடி பயிற்சி வாரத்துல எவ்ளோ நேரம்னும் கேளுங்க.

ஹெல்மெட் கீறல், காதுல அடி, அதுக்கு உதவும். கன்கஷனை தடுக்குதுன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல, மூளை உள்ள குலுங்குறதை வெளிய போடுற ஸ்பாஞ்ச் எப்படி நிறுத்தும். ஹெல்மெட் இருக்குன்ற தைரியத்துல பையன் தலையை குடுத்துட்டு போனா இன்னும் மோசம்.

பெர்த்_பழனி

பழனி மறுபடியும். கதிர், டேக்கிள் பண்ணும்போது ரெண்டு கையையும் சேர்த்து புடிச்சு சுழட்டி தரைல அடிக்குறாங்களே, ஸ்லிங் டேக்கிள், விழுறவனால கை ஊன முடியாது, தலைதான் முதல்ல தரைல படும். பையனுக்கு முதல்ல இதை பண்ணக்கூடாதுன்னு சொல்லிக்குடுக்க சொல்லுங்க, இடி வாங்குறது ஒரு பக்கம், அவனால இன்னொரு பையன் தலை தரைல மோதக்கூடாதுல்ல.

ஈசூன்_கதிர்

நல்ல பாயிண்ட் பழனி, அதை யோசிக்கவே இல்ல. சரி, முடிவு இதுதான், இந்த சீசன் ஆடட்டும், ஆனா சனிக்கிழமை வீட்டுக்காரம்மாவும் மைதானத்துக்கு வர்றாங்களாம், சிஸ்டர் எழுதுன கேள்வி எல்லாத்தையும் ஃபோன்ல காப்பி பண்ணி வச்சிருக்காங்க, கோச்சை அவங்களே நேர்ல கேப்பாங்களாம்.

ரக்பி_மாமா

கோச் பாவம் லா.